சண்டை வருமென்று காத்திருந்த நாலு வாரம்

ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்காரத் தெரியாதவள் நான். சாப்பிட உட்கார்ந்தால் நடுவில் இரண்டு தடவை எழுந்து போவேன். கோயிலில் பூசை முடிவதற்குள் மூன்று சுற்றுச் சுற்றிவிடுவேன். "காலுல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த முதல் வேலை, மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு மளிகைக் கடையின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது.

மலாயா சுதந்திரம் அடைந்த மறு ஆண்டு அது. எனக்கு இருபத்தொரு வயது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தேன். பரீட்சையில் நான் வாங்கிய மதிப்பெண்கள் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. யாராவது பெரிய மனிதர் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் இடம் கிடைக்கலாம் என்று எங்கள் தலைமையாசிரியை சொன்னார். சொன்னதோடு நிற்காமல், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மையாரிடம் என்னை அனுப்பியும் வைத்தார்.

அம்மையார் மனோதத்துவம் படித்தவர். பிள்ளைகள் தங்களுக்குள் எப்படிச் சண்டை பிடிக்கிறார்கள், அது எப்படி முடிகிறது, யார் முடித்து வைக்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. நாலு வாரம் ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்த்து எழுதிக் கொடுத்தால் கடிதம் தருவதாகச் சொன்னார்.

"சண்டையைப் பார்க்கறதுக்கு ஆளா வைக்கிறாங்க? அந்தத் துரைசானிய நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு. நானும் உங்கப்பாவும் சும்மாவே காட்டுறோம்" என்றாள் அம்மா.

ஆளை ஓர் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் அவன் நல்லவனாகத்தான் பதில் சொல்லுவான் என்பது அம்மையாரின் கட்சி. அவனை அவன் வீட்டில், அவன் முற்றத்தில், அவன் பாட்டுக்கு இருக்கும்போது பார்க்க வேண்டும். பார்க்கிறவள் கேள்வி கேட்கக் கூடாது, தடுக்கக் கூடாது, உதவக் கூடாது, எதற்காக வந்திருக்கிறாள் என்று விளக்கவும் கூடாது. தெரிந்துவிட்டால் அவர்கள் மாறிவிடுவார்கள் அல்லவா? இதையெல்லாம் அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன்.

அவர் தேர்ந்தெடுத்தது மலாக்கா செட்டிகளின் கம்போங்கில், அதாவது குடியிருப்பில், ஒரு வீடு. நாலு சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் அது. செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து ஊன்றியவர்கள், நம்மைப் போலவே கோயிலுக்குப் போகிறவர்கள், விபூதி பூசுகிறவர்கள். ஆனால் அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான், நடுவில் நம்முடைய சொற்கள் இரண்டொன்று வந்து விழும். பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்துவார்கள். புக்கிட் பாருவில் எங்கள் அண்டை அயலில் அவர்களைப் பற்றி ஒரு மாதிரி இளக்காரமாகப் பேசுவதுண்டு. நானும் அதில் சேர்ந்து சிரித்தவள்தான்.

கம்போங் தலைவரிடம் அம்மையார் முறைப்படி அனுமதி வாங்கினார். தலைவர் அந்த வீட்டாரிடம் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: ஒரு பெண் தினமும் வந்து எதிரே உட்கார்ந்து உங்கள் வீட்டைப் பார்ப்பார், ஒன்றும் பயப்பட வேண்டாம், நீங்கள் எப்போதும் போல இருங்கள். அம்மையார் சொல்லச் சொன்னதை அவர் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டார்.

தினமும் மாலை நாலு மணிக்கு சைக்கிளை மளிகைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்காருவேன். ஆறு மணிக்கு எழுந்திருப்பேன். சனிக்கிழமை காலையிலும் இரண்டு மணி நேரம் உண்டு. நோட்டில் நிமிடத்துக்கு ஒரு வரி. பெயர் எழுதக் கூடாது என்பதால் அப்பா மூத்தோர் ஒன்று, அம்மா மூத்தோர் இரண்டு, இருபத்தைந்து வயதான மூத்த மகள் மூத்தோர் மூன்று. அவருக்குப் பின் பிறந்த இரண்டு தம்பிகள் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார்கள். முற்றத்தில் விளையாடும் கடைக்குட்டிகள் நாலு பேரும் பிள்ளை ஒன்று முதல் பிள்ளை நாலு வரை. பதினொரு வயதுப் பெண் தொடங்கி நாலு வயதுப் பெண் வரை, நடுவில் இரண்டு பையன்கள்.

முதல் சனிக்கிழமை அம்மையார் வந்து நோட்டைப் புரட்டினார். 'பிள்ளை மூன்று பொறாமையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். சிவப்புப் பென்சிலால் அடித்தார். பொறாமையைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். முகத்தைத் திருப்பியதைத்தான் பார்த்தாய், அதை மட்டும் எழுது என்றார். எனக்குச் சுருக்கென்றது. தம்பி தங்கைகளோடு வளர்ந்தவளுக்குப் பொறாமை தெரியாதா? ஆனால் கடிதம் அவர் கையில் இருந்தது. அன்றிலிருந்து கண் பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சேர்ப்பதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். அந்த வைராக்கியத்தில் கொஞ்சம் கோபமும் கலந்திருந்தது.

எழுதுவதற்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் சண்டை வரவில்லை. சாயங்காலம் எண்ணெய் தடவி வகிடெடுத்த தலையோடு நாலும் முற்றத்துக்கு வரும். கோலி ஆடும், கயிறு தாண்டும். ஒருவன் கோலியை இன்னொருவன் எடுத்துவிட்டால் நான் பென்சிலைக் கூராகப் பிடித்துக்கொண்டு நிமிர்வேன். அந்த நேரம் பார்த்து மூத்தோர் மூன்று வாசலுக்கு வருவார். இரண்டு பேரில் ஒருவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார். ஐந்து நிமிடம் கழித்து அவன் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு திரும்பி வருவான். 'மூத்தோர் மூன்று பிள்ளை இரண்டை உள்ளே அழைத்துச் சென்றார்' என்று எழுதுவேன். ஒரே மாலையில் அந்த வரியை ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன்.

அந்த வீட்டு அப்பா நாலரை மணிக்கு வேலையிலிருந்து வருவார். துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு முன்கூடத்தில் உட்கார்ந்து, கடைசிப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு பேசுவார். அம்மா முற்றத்தை இரண்டு தரம் கூட்டுவார். இரண்டாம் வாரம் சன்னல்களில் புதுத் திரை தொங்கியது. யாரும் யாரையும் உரக்கக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்பதே மூன்று வீட்டுக்குக் கேட்கும். இப்படியும் ஒரு குடும்பமா என்று எனக்கு முதலில் ஏக்கமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது. பெஞ்சில் இந்தப் பக்கம் நகர்வேன், அந்தப் பக்கம் நகர்வேன். செருப்பைக் கழற்றுவேன், மாட்டுவேன். சண்டை இல்லாவிட்டால் ஆராய்ச்சி இல்லை, ஆராய்ச்சி இல்லாவிட்டால் எனக்குக் கடிதம் ஏது?

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அந்த வீட்டு அம்மாவே ஒரு தட்டில் பலகாரம் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். வாங்கக் கூடாது என்பது விதி. ஒரு பெண்பிள்ளை கொண்டுவந்து நீட்டும் தட்டை எப்படி வேண்டாமென்பது? மூன்று தின்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் விசாரித்தார். என்னுடைய மலாய் சந்தையில் கற்ற மலாய். நான் எழுதிக்கொண்டே இருப்பதால் வாத்தியாரைக் கூப்பிடுவது போல என்னை 'சிக்கு' என்றார். வயதில் மூத்த பெண்களை அழைக்கிற வழக்கப்படி நான் அவரை 'மக்சிக்' என்றேன். பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"சிக்குவுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

"ஆறு பேரு மக்சிக்."

"எல்லாருக்கும் மூத்தது?"

"அண்ணன். தம்பின் ஊர் ரயில் ஸ்டேஷன்ல கிராணியா இருக்காரு."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல. பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்."

கேள்வி கேட்காதே என்றுதான் விதி. பதில் சொல்லாதே என்று அம்மையார் சொல்லவில்லை. அவர் என் முழங்கையைத் தொட்டுவிட்டு எழுந்து போனார். நான் மணியைப் பார்த்து, 'மூத்தோர் இரண்டு சிரித்தார்' என்று எழுதினேன்.

மூன்றாம் வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். கடையில் ஒரே ஒரு மிட்டாய் வாங்கினேன். பையன்கள் இரண்டு பேரும் பந்தைத் துரத்திக்கொண்டு பாதையோரம் வந்தபோது, இருவருக்கும் நடுவில் அதைத் தவறவிடுவது போலப் போட்டேன். பெரியவன் எடுத்தான். சின்னவன் பார்த்தான். சரி, வந்துவிட்டது என்று பென்சிலை எடுத்தேன். பெரியவன் மிட்டாயைத் தம்பியின் கையில் வைத்து மூடிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பள்ளிக்கூட மேடையில் பாட்டுப் பாடி முடித்த பிள்ளை டீச்சரைப் பார்க்கும் பார்வை அது. பார்வையைப் பற்றி எழுத இடமில்லாததால், 'பிள்ளை இரண்டு இனிப்பைப் பிள்ளை மூன்றுக்குக் கொடுத்தான்' என்று மட்டும் எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மையார் நோட்டைப் படித்துவிட்டுப் பூரித்துப் போனார். சண்டையே இல்லாமல் வாழும் ஒரு சமூகத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அவருக்கு எண்ணம்.

நாலாம் வாரம் திங்கட்கிழமை, கடைக்காரர்தான் போட்டு உடைத்தார். அவர் நம் தமிழர். கல்லாவில் உட்கார்ந்து வெங்காயத்தை ரகம் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"என்ன தங்கச்சி, அண்ணனுக்கு எப்ப நிச்சயம்? நம்மள கூப்பிடுவீங்கல்ல?"

"எந்த அண்ணனுக்கு?"

"தம்பின்ல இருக்காருல்ல, உங்கண்ணன். ஊரே பேசுது. நீங்க என்னடான்னா முழிக்கிறீங்க."

பிறகு அவரே விளக்கினார். மலாய்க்காரர்களிடம் ரிசிக் என்று ஒரு வழக்கம். பெண் கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் நம்பிக்கையான ஒரு பெண்ணை அனுப்பி, பெண் எப்படி, குடும்பம் எப்படி என்று அக்கம்பக்கத்திலிருந்து நோட்டம் பார்ப்பார்களாம். வந்தவள் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். பார்க்கப்படுகிறவர்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அது மரியாதை. செட்டிகளிடமும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

"தலைவர் வந்து, ஒரு பொண்ணு வந்து வீட்டைப் பார்க்கும், எப்பவும் போல இருங்கன்னு சொன்னா வேற என்னான்னு நெனைப்பாங்க? சாதாரண ரிசிக்கா இருந்தா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். நீங்க நோட்டும் கையுமா மூணு வாரம் உக்காந்திருக்கீங்க. மாப்பிள்ளை பெரிய எடம்னு அந்தம்மா ஆடிப் போயிருக்கு."

அவர் சொன்ன மிச்சம்தான் என்னை உட்காரவிடாமல் செய்தது. அந்த மூத்த மகளைச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் ஆட்கள்தான். மனைவி இறந்துபோனவர், மூன்று பிள்ளைகள், நிரந்தர வேலை. இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். மாசக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாராம். கட்டிக் கொடுக்க ஆட்கள் குறைவான சின்னச் சமூகம் அது. இருபத்தைந்து என்பது அந்தக் காலத்தில் வயசு தாண்டின கணக்கு. அப்படியிருந்தும் அந்த அம்மா பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறார். எதற்கு? என் அண்ணனுக்காக. காஜா பேராங் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட யோசித்திராத என் அண்ணனுக்காக.

இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் எனக்குப் புரிந்தது. மூன்று வாரமாக நான் எழுதியது வீடு இல்லை, வேஷம். அதை வெளியே சொன்னால் ஆராய்ச்சி கெட்டது, கடிதமும் போனது. சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் என்னால் நிற்கப்போகிறது. மாசம் முடிய பதினோரு நாள் இருந்தது.

நான் உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு ஆறு மணி வரை உட்கார்ந்து எழுதினேன். செவ்வாய் போனேன், புதன் போனேன். சைக்கிள் மிதித்துக்கொண்டு வரும்போது இன்று சொல்லிவிடலாம் என்று வருவேன். பெஞ்சில் உட்கார்ந்ததும், சனிக்கிழமை நோட்டைக் கொடுத்துவிட்ட பிறகு சொல்லலாமே என்று தோன்றும். வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காஜா பேராங்கில் ஏதோ காற்று கறுப்பு அடித்துவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். நான் ஒரு சுயநலக்காரி என்று அந்த ஐந்து நாளில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். அந்த ஐந்து நாளும் நான் முற்றத்தில் பார்த்தது பிள்ளைகளை மட்டும்தான். வாசலுக்கு வந்து போகும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை, அம்மையார் வருவதற்கு முன்பாகவே போய்விட்டேன். பெஞ்சில் உட்காரவில்லை. பாதையைக் கடந்து நேரே அந்த வீட்டுக்குள் போனேன்.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா என்னைக் கண்டதும் கதவோரம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். கண்ணாடி அலமாரியிலிருந்து நல்ல கோப்பைகள் வெளியே வந்தன. பெண் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். நான் கோப்பையைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிங்கப்பூர் அம்மையார், பிள்ளைகள், சண்டை, நோட்டு எல்லாம். அண்ணனுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றேன். திங்கட்கிழமையே எனக்குத் தெரியும், என் காரியத்துக்காக ஐந்து நாள் மறைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். என் மலாய் அதற்கெல்லாம் போதவில்லை. மன்னியுங்கள் என்பதை மூன்று முறை சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா புதுத் திரையைப் பார்த்தார். அவர் அழுவார், அல்லது என்னைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். தள்ளியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தா' அப்பா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். "நல்லவேளை சிக்கு, சிங்கப்பூர்க்காரருக்கு நாங்க இல்லைன்னு சொல்லல. இன்னும் ஆறு நாள் இருக்கு. இன்னைக்கே எங்க வீட்டுக்காரரை அனுப்பித் தந்தி அடிச்சிடறேன். நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா ரெண்டும் போயிருக்கும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "குடிங்க, ஆறிடப் போகுது."

காப்பியைக் குடித்தேன். நாலு வாரத்தில் முதல் தடவையாக என் உடம்பு ஓரிடத்தில் அடங்கி உட்கார்ந்தது. கடிதம் போனாலும் போகட்டும், ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கே அவ்வளவு நல்ல எண்ணம் அதற்கு முன் வந்ததில்லை.

சைக்கிள் வரை அந்தப் பெண் என்னோடு வந்தார். நான் அவரை முதன்முதலாக நேராகப் பார்த்தது அப்போதுதான். ஒல்லியான முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. இடுப்பில் கடைசித் தங்கை தொற்றிக்கொண்டிருந்தது.

"எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்" என்றார், மெதுவாக. "ரிசிக்குக்கு வர்றவங்க என்னைப் பார்ப்பாங்க. எப்படி நடக்கறேன், எப்படிக் கூட்டறேன்னு பார்ப்பாங்க. நீங்க பிள்ளைங்களத்தான் பார்த்தீங்க. நான் வாசலுக்கு வந்தா, அதுங்க தெரியலைன்னு எட்டிப் பார்ப்பீங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன்.

"எதுக்குச் சொல்லணும்? அம்மா நம்பிட்டாங்க. சிங்கப்பூருக்குப் பதில் போகல." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "எனக்கு அவரைப் பிடிக்கலைன்னு இல்ல. அவரை நான் பார்த்ததே இல்ல. ஏழு வயசுலேர்ந்து இந்த வீட்ல பிள்ளை தூக்கறேன் சிக்கு. அங்க போனா இன்னும் மூணு காத்துக்கிட்டு இருக்கு. வேணாம்னு சொன்னேன். அப்பா பெல்ட்டை எடுத்தாரு. அப்புறம் நீங்க வந்து உக்காந்தீங்க. அதுக்கப்புறம் யாரும் என்னை ஒரு சொல் சொல்லல."

"பிள்ளைங்களை உள்ள கூட்டிக்கிட்டுப் போனது..."

"சண்டை போட்டா அம்மா கத்துவாங்க. கத்தினா வந்தவங்க ஓடிடுவாங்கன்னு அப்பா அம்மாவைத் திட்டுவாரு. நீங்க போயிட்டா எனக்கு யாரு இருக்கா? வெல்லத்தைக் கொடுத்து கொடுத்து வீட்ல வெல்லமே தீர்ந்துபோச்சு." லேசாகச் சிரித்தார். "இன்னும் ஆறு நாள். நீங்க பேசாம அங்க உக்காந்திருந்தா போதும். அவரு வேற எடம் பார்த்திருப்பாரு."

நான் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி உள்ளே போய் என்ன சொல்லுவது? நான் சொன்னது பொய், நிஜமாகவே ரிசிக்குக்குத்தான் வந்தேன் என்றா? அதையும் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். என் அண்ணனைப் பலியாகக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, கணவரைத் தேடித் துறைமுகப் பக்கம் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"அந்த நோட்டைப் பார்க்கலாமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

கொடுத்தேன். நோட்டு ஆங்கிலத்தில் இருந்தது, அவர் ஆறாம் வகுப்பு வரை ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். குழந்தையை இறக்கிவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூத்தோர் மூன்று தான்தான் என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்த பிறகு அந்த வரிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். உள்ளே அழைத்துச் சென்றார். உள்ளே அழைத்துச் சென்றார். வெளியே வந்தார். உள்ளே அழைத்துச் சென்றார். நாலு வாரத்துக்கும் அவரைப் பற்றி அதைத் தவிர வேறு ஒரு வார்த்தை அதில் இல்லை.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பதினோரு மணிக்கு அம்மையார் வந்தார். நோட்டை வாங்கிக்கொண்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். காலையில் அத்தனை உண்மை பேசியவள், அப்போது ஒரே சொல்லில் முடித்துக்கொண்டேன். கடிதம் வந்தது. உள்ளதை உள்ளபடி பார்க்கக்கூடிய பெண் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தால்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பின்னாளில் முப்பது வருஷம் வாத்தியார் உத்தியோகம் பார்த்துச் சாப்பிட்டதும் அதனால்தான். இதை எழுதும்போதுகூட நடுவில் நாலு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

கல்யாணம் இரண்டு மாதத்தில் நடந்தது. எங்கள் வீட்டுக்கும் தாம்பூலம் வைத்து அழைப்பு வந்தது. நான் படிப்பைச் சாக்குச் சொல்லிக் கல்லூரியிலேயே தங்கிவிட்டேன். அம்மாதான் போய்வந்தாள். அடுத்த விடுமுறைக்கு நான் வந்ததும், பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல் பிடித்துக்கொண்டாள். முதல் வரிசையில் உட்காரவைத்தார்களாம். இந்தக் கல்யாணம் இவர் மகளால்தான் நடந்தது என்று அந்த அம்மா வந்தவர்களிடமெல்லாம் அவளைக் காட்டிச் சொன்னாராம்.

"ஊரு உலகத்துல ஆயிரம் பொய்யச் சொல்லித்தான் ஒரு கல்யாணம் பண்ணி வைப்பாங்க" என்றாள் அம்மா, பெருமை தாங்காமல். "நீ ஒரே ஒரு உண்மையச் சொல்லிப் பண்ணி வச்சிட்டியேடி."